கணக்கில் வராத சாறு: வீட்டு பீர் தயாரிப்பில் திறனை எப்படி அளப்பது?

மலேசியாவின் சிலாங்கூரில் ஜெஞ்சாரோமைச் சுற்றியிருக்கும் கோலா லங்காட் வட்டாரம் செம்பனைக்குப் பேர்போனது. அங்குள்ள ஆலைகளில் நாள் தவறாமல் போடப்படும் கணக்கு ஒன்று உண்டு: நூறு கிலோ குலையை உள்ளே தள்ளினால் எத்தனை கிலோ எண்ணெய் வெளியே வருகிறது? இதற்கு எண்ணெய் பிழிவு விகிதம் என்று பெயர். மலேசியாவின் சராசரி பல ஆண்டுகளாக 20 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஓர் ஆலைக்கு அது 18 ஆக இறங்கினால் குற்றம் யாருடையது? பழுக்காத குலையை வெட்டி அனுப்பியவரா, பிழியத் தெரியாத ஆலையா? விகிதத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆலைகள் இன்னொரு கணக்கையும் வைத்திருக்கின்றன. வெறுங்குலை, நார், கழிவுநீர் ஆகியவற்றோடு எவ்வளவு எண்ணெய் வீணாய்ப் போனது என்பதே அது. முதல் கணக்கில் பழமும் ஆலையும் கலந்திருக்கின்றன. இரண்டாவதில் ஆலை மட்டும் தனித்து நிற்கிறது.

வீட்டு அடுப்பில் பீர் தயாரிப்பவர்கள் உலகெங்கும் விவாதிக்கும் கேள்வியும் இதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சாற்றில் இறங்குகிறது. இறங்கக்கூடியதில் எவ்வளவு இறங்கியது? ஒருவர் 80 விழுக்காடு என்கிறார், இன்னொருவர் 65 என்கிறார். இரண்டு பேரும் ஒரே அளவு சாற்றை எடுத்திருக்கவும் கூடும். இந்த எண் எங்கிருந்து வந்தது, அதை எப்படியெல்லாம் புரிந்துகொண்டார்கள், கிள்ளான் பள்ளத்தாக்கின் வெப்பத்தில் அதற்கு என்ன ஆகிறது என்று இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

சட்டம் பற்றி முதலிலேயே ஒரு சொல். மலேசியாவில் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி மதுபானம் தயாரிக்க உரிமம் வேண்டும். பிரிட்டன் 1963இலும், அமெரிக்க மத்திய அரசு 1978இலும், சிங்கப்பூர் 2004இலும் வீட்டுத் தயாரிப்புக்கு வழிவிட்டன. சிங்கப்பூரில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் என்ற வரம்பு உண்டு. இங்கே பேசப்படுவது அளவீட்டின் தர்க்கம் மட்டுமே.

வரிக்காரரும் வாணிகரும் கேட்ட கேள்வி

சாற்றின் அடர்த்தியை அளக்க வேண்டும் என்ற எண்ணம் சுவையைத் தேடிப் பிறந்ததல்ல. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மால்ட்டின் விலையும் அதன் மீதான வரியும் தயாரிப்பாளர்களை நெருக்கின. ஹல் நகரத்துத் தயாரிப்பாளர் ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் சாற்றின் அடர்த்தியை அளக்கும் சாக்கரோமீட்டர் பற்றி நூல் எழுதினார். ஒரு மூட்டை மால்ட் எவ்வளவு சத்தைத் தருகிறது என்பதை எண்ணால் சொல்ல அக்கருவி வழிசெய்தது. அதன் விளைவு எதிர்பாராதது. மலிவென்று எல்லோரும் வாங்கிய பழுப்பு மால்ட், விலை கூடிய வெளிர் மால்ட்டைவிடக் குறைந்த சத்தையே தருகிறது என்று தெரியவந்தது. மலிவுச் சரக்கு உண்மையில் விலையுயர்ந்த சரக்காக இருந்தது. போர்ட்டர் என்ற கறுப்பு பீரைத் தயாரித்தவர்கள் மெல்ல மெல்ல வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். நிறத்துக்காக வேறு வழி தேட நேர்ந்தபோது, 1817இல் டேனியல் வீலர் கருக வறுத்த மால்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் அளவுகோல் ஒரு பானத்தின் செய்முறையையே மாற்றிவிட்டது.

அடுத்த திருப்பம் 1880இல் வந்தது. பிரிட்டனில் கிளாட்ஸ்டன் அரசு மால்ட் வரியை நீக்கி, நொதிக்கும் முன் சாற்றுக்கு இருக்கும் அடர்த்தியின் மேல் வரி போட்டது. அதுவரை ஒவ்வொரு மணியையும் கசக்கிப் பிழிவது வரியை மிச்சப்படுத்தும் வழியாக இருந்தது. அதன் பிறகு அந்த நெருக்கடி தளர்ந்தது. எதன் மேல் வரி விழுகிறதோ அதையே உலகம் கூர்ந்து அளக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. மலேசியாவிலும் 2016 மார்ச் முதல் பீருக்கான கலால் வரி அதிலுள்ள மதுச்சத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

ஐரோப்பாவில் இன்னொரு மரபு வளர்ந்தது. பொஹீமியாவின் கார்ல் பாலிங் 1843இல், சர்க்கரைக் கரைசலின் அடர்த்தியிலிருந்து அதன் எடை விழுக்காட்டைச் சொல்லும் அட்டவணையை வெளியிட்டார். 1900ஆம் ஆண்டுவாக்கில் ஃபிரிட்ஸ் பிளேட்டோ அதை இன்னும் துல்லியமாக்கினார். நூறு கிராம் சாற்றில் 12 கிராம் சத்து இருந்தால் அது 12 பாகை பிளேட்டோ. ஆங்கிலேய மரபு அதே சாற்றை நீரோடு ஒப்பிட்டுச் சுமார் 1.048 என்று சொல்லும். இன்றைய வீட்டுத் தயாரிப்பாளரின் கையிலுள்ள, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மரபுகளும் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளாக இருக்கின்றன.

முதல் நிலைப்பாடு: ஆய்வகமே அளவுகோல்

திறன் என்பது ஒரு பின்னம். மேலே கிடைத்தது, கீழே கிடைத்திருக்கக்கூடியது. கிடைத்ததைப் பற்றி அதிகச் சண்டை இல்லை. கிடைத்திருக்கக்கூடியது எது என்பதில்தான் சிக்கல்.

1907இல் ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொண்ட ஆய்வக முறை ஒன்று இதற்கு விடை தந்தது. ஐம்பது கிராம் மால்ட்டை மாவாக அரைத்து, 45 பாகை செல்சியஸ் வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, நிமிடத்துக்கு ஒரு பாகையாக 70 வரை ஏற்றி, அங்கே ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். அப்போது கரையும் சத்தே அந்த மால்ட்டின் உச்சவரம்பு. நல்ல வெளிர் மால்ட்டுக்கு இது உலர் எடையில் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். மாஷ் ஃபில்டர் என்ற வடிகட்டும் இயந்திரம் பொருத்திய பெருந்தொழிற்சாலைகள் இந்த ஆய்வக எண்ணை நெருங்கிவிடுகின்றன. அவற்றுக்கு இது பொருத்தமான அளவுகோல். 1972இல் ஷா ஆலாமில் உற்பத்தியைத் தொடங்கிய கார்ல்ஸ்பெர்க் ஆகட்டும், சுங்கைவேயில் 1960களில் கின்னஸ் நிறுவிய ஆலை ஆகட்டும், அந்த அளவு உற்பத்தியில் ஒரு விழுக்காடு சரிந்தாலும் அது டன் கணக்கில் மால்ட்.

இந்த நிலைப்பாட்டின் பலம் ஒப்பீடு. ஈப்போவில் எடுத்த எண்ணையும் மியூனிக்கில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைக்கலாம். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வீட்டில் யாரும் மால்ட்டை மாவாக அரைப்பதில்லை. அரைத்தால் சக்கை அடைத்துக்கொண்டு சாறு வடியாது. உமி முழுதாக இருக்கும்படி உடைத்தால்தான் அது வடிகட்டியாக வேலை செய்யும். எட்ட முடியாத ஒன்றைக் கீழே வைத்து வகுக்கும்போது வரும் எண் எப்போதும் கைதேர்ந்தவரையும் தேறாதவராகக் காட்டும்.

இன்னொரு பொறி ஈரம். ஆய்வக எண் உலர் எடைக்கானது. மூட்டையிலுள்ள மால்ட்டில் வழக்கமாக 4 விழுக்காடு அளவுக்கு ஈரம் இருக்கும். ஐந்து கிலோ மால்ட்டில் 80 விழுக்காடு என்றால் 4 கிலோ சத்து. ஈரத்தைக் கழித்தால் அது 3.84 கிலோ. இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர் தன் திறனை மூன்று விழுக்காடு குறைத்து எழுதிக்கொள்வார்.

இரண்டாம் நிலைப்பாடு: எங்கே நின்று அளப்பது?

வீட்டுத் தயாரிப்பு இயக்கம் வளர்ந்த பிறகு, விவாதம் கீழே உள்ள எண்ணிலிருந்து மேலே உள்ள எண்ணுக்குத் தாவியது. ஒரே தயாரிப்பை மூன்று இடங்களில் நின்று அளக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம்.

ஐந்து கிலோ மால்ட், உச்சவரம்பு 3.84 கிலோ சத்து. ஊறவைத்து, வடித்து, கழுவிக் கொதிகலனில் சேர்த்த சாறு 25 லிட்டர், அடர்த்தி 1.045. அதில் ஏறக்குறைய 2.92 கிலோ சத்து இருக்கிறது. திறன் 76 விழுக்காடு. இதை மாஷ் திறன் என்கிறார்கள்.

ஒரு மணி நேரம் கொதித்தபின் சாறு 21 லிட்டராகச் சுண்டுகிறது. நீர்தான் ஆவியாகப் போனது, சத்து போகவில்லை. ஆனால் அடியில் தங்கிய கசடும் கசப்புக்குப் போட்ட ஹாப்ஸ் பூவும் இரண்டு லிட்டரைப் பிடித்துக்கொள்கின்றன. நொதிகலனுக்குப் போவது 19 லிட்டர். இங்கே நின்று அளந்தால் திறன் 69. ஈஸ்ட் படிந்த அடி வண்டலை ஒதுக்கிப் பாட்டிலில் ஊற்றும்போது 17.5 லிட்டர். இங்கே அளந்தால் 63.

மூன்றும் சரி. 76 சொன்னவர் மணியிலிருந்து சத்து இறங்கியதைப் பேசுகிறார். 69 சொன்னவர் தன் சமையலறை முழுவதையும் பேசுகிறார். 63 சொன்னவர் கடைசியில் குவளைக்கு என்ன வந்தது என்று கேட்கிறார். ஹாப்ஸ் அதிகம் போட்ட பீரில் கடைசி எண் கட்டாயம் குறையும். அதற்கும் சாறெடுக்கும் திறமைக்கும் தொடர்பில்லை. எந்த இடத்தில் நின்று அளந்தது என்று சொல்லாத எண்ணை இன்னொருவருடைய எண்ணோடு ஒப்பிடுவது, சம்பளத்தைச் சொல்லும்போது பிடித்தம் போகவா போகாமலா என்று சொல்லாததைப் போன்றது.

இந்த மரபின் பிற்கால எழுத்துகள் மாஷ் திறனையே இரண்டாகப் பிரித்தன. மாவுச்சத்து சர்க்கரையாக மாறியதா என்பது ஒன்று. மாறியதை வடித்தெடுத்தோமா என்பது மற்றது. முதலாவதைப் பரிசோதிக்க எளிய வழி உண்டு. கிலோவுக்கு 3 லிட்டர் நீர் என்ற அளவில் ஊறவைத்தால், முழு மாற்றம் நடந்த சாறு, கழுவும் முன்பே, சுமார் 20 பாகை பிளேட்டோ காட்ட வேண்டும். 18 தான் காட்டுகிறது என்றால் மாற்றம் ஏறக்குறைய 87 விழுக்காட்டோடு நின்றுவிட்டது. உடைத்தது கரடுமுரடாக இருந்திருக்கலாம், நேரம் போதாமல் இருந்திருக்கலாம், வெப்பம் தவறியிருக்கலாம். அயோடின் சொட்டு கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இன்னும் மிச்சம் என்பது உறுதி. இந்தச் சோதனைக்குச் சாற்றின் கொள்ளளவே தேவையில்லை. பாத்திரக் கோட்டைப் பார்த்து ஊகிப்பதால் வரும் பிழை இதில் நுழையாது.

மாற்றம் முழுமையாக இருந்தும் எண் குறைந்தால் இழப்பு வடிப்பில் இருக்கிறது. ஒரு கிலோ சக்கை ஏறக்குறைய ஒரு லிட்டர் சாற்றைப் பிடித்து வைக்கும். ஐந்து கிலோவுக்கு ஐந்து லிட்டர். மேலே வெந்நீர் ஊற்றிக் கழுவுவது அதை மீட்கத்தான். செம்பனை ஆலையின் இரண்டாம் கணக்கு இங்கே அப்படியே திரும்பி வருகிறது. மொத்தத் திறன் ஒரு தீர்ப்பு. பிரித்த திறன்தான் நோயைச் சொல்கிறது.

இந்த நிலைப்பாட்டுக்கும் குறை உண்டு. பிரிக்கப் பிரிக்க அளவீடுகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஒவ்வோர் அளவீடும் தன் பிழையைச் சுமந்து வருகிறது.

மூன்றாம் நிலைப்பாடு: குறைவாக எடுப்பதே தரம்

திறனைத் துரத்துவதே தவறான வேட்டை என்று சொல்பவர்கள் நெடுங்காலமாக உண்டு. சக்கையை அளவுக்கு மீறிக் கழுவும்போது கடைசியில் வடியும் நீரில் சர்க்கரை குறைந்து, அமிலத்தன்மையும் குறைகிறது. அந்த நிலையில் உமியிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் சாற்றில் இறங்குகின்றன. வடியும் சாறு 1.010க்கும் கீழே போனதும், அல்லது அதன் பிஎச் 6ஐத் தாண்டியதும் கழுவலை நிறுத்துங்கள் என்பது பொதுவான அறிவுரை. தேயிலையை இரண்டாம் முறை பிழிந்தால் என்ன வருமோ அதுதான் இங்கும் வரும்.

இதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று எளிமைக் கிளை. சார்லி பப்பேசியன் 1984இல் வெளியிட்ட நூல் அமெரிக்க வீட்டுத் தயாரிப்பாளர்களின் ஒரு தலைமுறையை வளர்த்தது. எண்களைக் கண்டு பதறாதே என்பதே அந்நூலின் மனநிலை. பின்னாளில் ஆஸ்திரேலியாவில் பரவிய துணிப்பை முறை அதே மனநிலையின் நீட்சி. முழு நீரிலும் மால்ட்டைப் பையோடு ஊறவைத்து, பையைத் தூக்கி வடியவிட்டால் வேலை முடிந்தது. கழுவல் இல்லாததால் சத்தில் ஒரு பகுதி சக்கையோடு போகும். அதற்கு ஈடாகக் கூடுதல் மால்ட் போட்டுவிடுவார்கள். இன்னொன்று சுவைக் கிளை. முதல் சாற்றை மட்டும் எடுத்துச் செறிவான பீர் செய்துவிட்டு, மிச்சத்தில் மெல்லிய பீர் செய்யும் பழைய ஆங்கிலேய வழக்கத்தை இவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள்.

இவர்களுடைய கணக்கு எளிது. 76 விழுக்காட்டை 82 ஆக உயர்த்தினால் ஐந்து கிலோவில் மிஞ்சுவது ஏறக்குறைய 370 கிராம் மால்ட். அதற்காக ஒரு மணி நேரம் கூடுதலாக அடுப்படியில் நிற்பதா? பெருந்தொழிற்சாலையின் அளவுகோலை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் குழப்பத்தின் வேர் என்கிறார்கள்.

வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது எண்ணைக் கைவிடச் சொல்லவில்லை. உயர்ந்த எண்ணைக் கைவிடச் சொல்கிறது. கூடுதல் மால்ட் எவ்வளவு போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே தன் பாத்திரத்தின் திறன் தெரிந்தாக வேண்டும். 70 என்பது பத்துத் தடவையும் 70 ஆக வந்தால் அது நல்ல எண். ஒரு தடவை 62, அடுத்த தடவை 81 என்றால் சராசரி 71.5 ஆனாலும் அது ஒன்றுக்கும் உதவாது. அவர் திட்டமிட்ட பீர் அவருக்குக் கிடைப்பதே இல்லை.

நான்காம் நிலைப்பாடு: சர்க்கரையை விடு, மதுவைப் பார்

சாறு எடுத்ததோடு வேலை பாதிதான் முடிகிறது. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை எவ்வளவு உண்டது என்பது அடுத்த கேள்வி. 1.050இல் தொடங்கி 1.010இல் முடிந்தால் 80 விழுக்காடு நொதித்தது என்று எழுதுவார்கள். இது தோற்றம் மட்டுமே. மது நீரைவிட இலேசானது. அது கலந்ததால் ஹைட்ரோமீட்டர் இன்னும் கீழே அமிழ்கிறது. உண்மையில் நொதித்தது 65 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இதற்கும் பாலிங்கே அடிப்படை தந்தார். அவருடைய கணக்கில் 2.0665 கிராம் சத்து ஒரு கிராம் மதுவாகவும் 0.9565 கிராம் கரியமில வாயுவாகவும் 0.11 கிராம் ஈஸ்டாகவும் பிரிகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் இங்கே கவனம் தேவை. அதிகம் நொதித்தால் அதிகத் திறன் என்று சொல்ல முடியாது. 62 பாகை வெப்பத்தில் ஊறவைத்த மால்ட் ஈஸ்டுக்கு எளிதான சர்க்கரையைத் தரும். பீர் வறண்டு மெலிதாக இருக்கும். 68 பாகையில் ஊறவைத்தால் ஈஸ்ட் உண்ண முடியாத சர்க்கரை மிஞ்சி, பீருக்குக் கனம் தரும். இரண்டும் தயாரிப்பவரின் விருப்பம். சாறெடுப்பில் குறைவு இழப்பு; நொதிப்பில் குறைவு சில வேளை நோக்கம்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்குரிய கேள்வி இந்த இடத்தில் எழுகிறது. இதுவரை சொன்ன அளவீடுகள் எல்லாவற்றுக்கும் அசையாத ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். மாவு சர்க்கரையாகி முடிந்து, கொதித்து, ஆறி, ஈஸ்ட் சேரும் முன் ஒரு நிமிடம் எல்லாம் நிற்கிறது. அந்த நிமிடத்தில் ஹைட்ரோமீட்டரைப் போடுகிறோம். நம் பக்கத்துப் பானங்கள் அந்த நிமிடத்தைத் தருவதில்லை.

கள்ளை எடுத்துக்கொள்வோம். தென்னம்பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் சர்க்கரை நேராகவே இருக்கிறது. உடைப்பதும் ஊறவைப்பதும் இல்லை. ஆனால் கலயத்தில் விழுந்த கணமே காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். மரத்தைவிட்டு இறங்கும்போதே தொடக்க அடர்த்தி தொலைந்திருக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி நொதிப்பைத் தடுத்துப் பதநீராக இறக்கினால் மட்டுமே அந்தப் புள்ளி கிடைக்கும். அப்போது அது கள் ஆகாது.

அரிசி மது இன்னும் சிக்கலானது. ஜெஞ்சாரோம் போன்ற புதுக்கிராமங்களின் சீனக் குடும்பங்களில் பிள்ளை பெற்றவளின் சமையலில் அரிசி மது சேர்ப்பது பழைய வழக்கம். சரவாக்கின் துவாக்கும் சபாவின் லிஹிங்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாய்க்காரர்கள் தாப்பாய் செய்யப் பயன்படுத்தும் ராகி உருண்டைதான் இவற்றுக்கும் உயிர். இது நம் கேழ்வரகு அன்று; பூஞ்சையும் ஈஸ்டும் சேர்ந்த மாவுருண்டை. பூஞ்சை மாவைச் சர்க்கரையாக்க ஆக்க, பக்கத்திலேயே ஈஸ்ட் அதை மதுவாக்கிவிடுகிறது. இரண்டு வேலையும் ஒரே ஜாடியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மாஷ் திறன் என்ற சொல்லுக்கே இங்கு இடமில்லை.

அப்படியானால் பின்னிருந்து முன்னால் அளக்க வேண்டும். ஒரு கிலோ வெள்ளரிசியில் 80 விழுக்காடு மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டால், வேதியியல் அனுமதிக்கும் உச்சம் சுமார் 450 கிராம் மது. கொள்ளளவில் ஏறக்குறைய 575 மில்லி. கிடைத்தது இரண்டரை லிட்டர், மதுச்சத்து 15 விழுக்காடு என்றால் அதிலுள்ள மது 375 மில்லி. திறன் 65 விழுக்காடு. ஒரே எண்ணில் பூஞ்சை, ஈஸ்ட், வடிகட்டிய துணி மூன்றும் கலந்துவிடுகின்றன. பிரித்தறிய வழியில்லை. அந்த மதுச்சத்தைக் காண்பதற்கும் ஒரு மாதிரியை எடுத்துக் காய்ச்சி வடித்துப் பார்க்க வேண்டும். தொடக்க அளவு இல்லாத ஹைட்ரோமீட்டர் உதவாது. ஐரோப்பியக் கணக்கு உலகப் பொதுவானது என்று நினைத்துக்கொண்டு வருபவர் இந்த ஜாடியின் முன் நின்றுவிட நேரும்.

வெயிலில் பொய் சொல்லும் கருவி

ஹைட்ரோமீட்டர் ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்காகக் கோடு போடப்பட்டது. பழைய ஆங்கிலேயக் கருவிகள் 15.6 பாகைக்கும், இன்று விற்பவற்றில் பல 20 பாகைக்கும் உரியவை. கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ குழாய்த் தண்ணீரே 28 பாகைக்கு வருகிறது. வெப்பத்தில் நீர் விரியும். கருவி கூடுதலாக அமிழும். 20 பாகைக் கருவி 28 பாகைச் சாற்றில் ஏறக்குறைய 0.002 குறைத்துக் காட்டும். 15.6 பாகைக் கருவி 0.003 குறைத்துக் காட்டும்.

சிறிய எண் என்று தோன்றும். சாறு 1.045 எனில் கணக்கில் வருவது கடைசி 45 புள்ளிகள் மட்டுமே. அதில் இரண்டு போனால் நாலரை விழுக்காடு போயிற்று. 76 என்பது 73க்கும் கீழே இறங்கிவிடும். திருத்த அட்டவணை இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க வேண்டும் என்ற நினைவு குளிர்நாட்டு நூலைப் படித்தவருக்கு வராமல் போகலாம். அந்த நூல் எழுதப்பட்ட அறையில் திருத்தம் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது பிழை எதிர்த்திசையில் வருகிறது. கொதிநிலையை நெருங்கிய சாறு, ஆறிய சாற்றைவிட 4 விழுக்காடு அதிக இடம் பிடிக்கும். கொதிகலனில் சூடாக 25 லிட்டர் என்று படித்தது ஆறினால் 24 தான். இதைக் கவனிக்காதவர் தன் 73 விழுக்காட்டை 76 என்று எழுதுவார்.

மூன்றாவது ஈரப்பதம். பிரித்த மூட்டையை மூடாமல் வைத்தால் இந்நாட்டின் காற்றில் மால்ட் நீரை உறிஞ்சும். 4 விழுக்காட்டு ஈரம் 8 ஆனால் ஐந்து கிலோவில் சத்து 3.84இலிருந்து 3.68 கிலோவாகக் குறைகிறது. தராசு அதே ஐந்து கிலோவைத்தான் காட்டும். தயாரிப்பவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்வார், குற்றம் மூட்டையுடையது.

இந்தப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துச் சரியாக்கியும் விடக்கூடும். அதுதான் மிக ஆபத்தானது. ஒரு பிழை கூட்டி, இன்னொன்று குறைத்து, எண் பார்க்க நன்றாக இருக்கும். பிறகு ஒருவர் ஹைட்ரோமீட்டரை மட்டும் திருத்தத் தொடங்கினால் திறன் திடீரென்று ஏறியதுபோல் தோன்றும். எதுவும் ஏறியிருக்காது.

நொதிப்புக்கும் இந்த வெயில் விலை கேட்கிறது. ஏல் வகை பீருக்கான சாதாரண ஈஸ்ட் 30 பாகையில் விரைந்து வேலை செய்யும். கூடவே காரமான கள்நெடியையும் விடும். நார்வேயின் பண்ணைகளில் தலைமுறைகளாகக் காக்கப்பட்ட க்வெய்க் ஈஸ்ட் 30 பாகைக்கு மேலும் ஒழுங்காக நொதிப்பதால் வெப்பநாட்டுத் தயாரிப்பாளர்களின் கவனத்தை ஈர்த்திருக்கிறது. சாறு எடுக்கும் திறனை அது தொடுவதில்லை. குளிர்ப்பதனப் பெட்டியின் மின்கட்டணத்தைத் தொடுகிறது.

மால்ட் மட்டுமா செலவு?

அண்மைக் காலத்தில் கீழே உள்ள எண்ணையே மாற்றலாம் என்று சிலர் கேட்கிறார்கள். மால்ட்டுக்குப் பதில் தண்ணீரை வைத்தால்? கொதித்த சாற்றை ஆற்றச் செம்புக் குழாயில் குழாய்நீரை ஓடவிடுவது வழக்கம். 12 பாகை நீர் வரும் நாட்டில் இது விரைவான வேலை. 28 பாகை நீரால் சாற்றை 28க்குக் கீழே இறக்கவே முடியாது. எவ்வளவு ஓடவிட்டாலும் வீண். 2020 செப்டம்பரில் ஆற்று மாசினால் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றதை நினைத்தால், ஒரு லிட்டர் பீருக்கு எத்தனை லிட்டர் நீர் என்ற கேள்வி இந்த மண்ணில் அலங்காரக் கேள்வி அல்ல. பெரிய ஆலைகள் அதைத் தம் அறிக்கைகளிலேயே வெளியிடுகின்றன. வீட்டுக் குறிப்பேடுகளில் அந்தப் பத்தி பெரும்பாலும் காலியாக இருக்கிறது.

எதை வைத்து வகுப்பது என்பது யாருக்காக அளக்கிறோம் என்பதையும் பொறுத்தது. அதற்கு இவ்வட்டாரத்தின் வரலாறும் ஒரு சான்று வைத்திருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டங்களிலுள்ள கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. கள்ளை விற்றவர்களின் கணக்கு அளவையும் வருமானத்தையும் பார்த்தது. வேலைநிறுத்தக்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள்: கூலியில் எவ்வளவு வீடு வந்து சேர்ந்தது? ஒரே பானத்துக்கு இரண்டு அளவுகோல்கள்.

கருவியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த போலி மது பல உயிர்களைக் குடித்தது. எத்தனாலையும் மெத்தனாலையும் ஹைட்ரோமீட்டர் வேறுபடுத்திக் காட்டாது. மால்ட் பீரின் நொதிப்பில் அத்தகைய நச்சளவு உண்டாவதில்லை என்றாலும், எண் சரியாக இருப்பதால் பானமும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எது முடிந்தது, எது முடியவில்லை

நான்கு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் சில செய்திகள் ஓரளவு உறுதிப்பட்டுவிட்டன எனலாம். திறன் என்ற ஒற்றை எண் இல்லை; எதை வகுத்தோம், எங்கே நின்று அளந்தோம் என்று சொல்லும்போதுதான் அது எண்ணாகிறது. மாற்றத்தையும் வடிப்பையும் பிரித்து அளப்பது நோயறிய உதவுகிறது. வீட்டைப் பொறுத்தவரை, உயரமான எண்ணைவிட மாறாத எண் பயனுள்ளது என்ற கருத்துக்கு வலுவான ஆதரவு இருக்கிறது. அதற்கு முன்பாக, வெப்பநாட்டில் இருப்பவர் கருவி, கொள்ளளவு, ஈரம் மூன்றையும் திருத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர் அளப்பது மால்ட்டை அல்ல, வானிலையை.

திறந்திருக்கும் கேள்விகளும் உண்டு. அளவுக்கு மீறிய கழுவல் எந்த இடத்தில் நாவுக்குத் தெரியத் தொடங்குகிறது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை, 1.010 என்ற எல்லை பாதுகாப்பான மரபாக இருக்கிறது, நிறுவப்பட்ட கோடாக அல்ல. ஆய்வக உச்சவரம்புக்குப் பதிலாக, வீட்டு உடைப்பில் எட்டக்கூடிய ஒன்றைக் கீழே வைக்கலாமா என்பதும் தீரவில்லை. வைத்தால் எண் நியாயமாகும், ஒப்பீடு போய்விடும். மிகப் பெரிய இடைவெளி அரிசி மதுவிலும் கள்ளிலும் இருக்கிறது. தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நொதிப்புக்கு, வீட்டில் கையாளக்கூடிய எளிய அளவு முறை ஒன்று இன்னும் பரவலாகவில்லை. ஐரோப்பாவில் அந்த வேலையை வரிக்காரரும் வாணிகரும் செய்தார்கள். ஜாடியில் அரிசி மது ஊறவைக்கும் பாட்டியிடம் யாரும் அந்தக் கேள்வியோடு போகவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து அவர் சொல்லும் நாள்கணக்கை எண்ணாக மாற்ற முடியுமா என்பதை, இனி அளக்க வருபவர்கள் அந்த ஜாடியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கண்டறிய வேண்டும்.